தேய்ந்த தடம்

பின்பக்கப் புல்தரையில் ஒரு தடம் தேய்ந்து கிடந்தது. கோடியில் இருந்த உயரமான மதிலில் தொடங்கி, நேராக வந்து, சமையலறைக் கதவில் முடிந்தது. அந்த மதிலில் வாசலே இல்லை.

ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடி அவள் அந்த வீட்டுப் பெரியவருக்கு எதிரே, சமையலறை மேசை முன் உட்கார்ந்தாள். காடு மாதிரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் தோட்டம், பெர்மாகல்ச்சர், அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். முதலில் வீட்டுக்காரரின் தேவையைத் துருவித் துருவிக் கேட்பாள். "பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று கணவன் கிண்டலடிப்பான்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க சார்?"

"நான் மட்டும்தான்மா."

"தோட்டத்துல தினமும் நடப்பீங்களா?"

"முட்டி வலி. அந்தக் கதவைத் திறந்தே ரொம்ப நாளாச்சு."

கதவில் மூன்று தாழ்ப்பாள். அதன் அடியிடுக்கில் ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை வந்துகொண்டிருந்தது. வெளியே ஏதோ கதவின் மரத்தை மெல்ல, மிக மெல்ல உரசியது. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கீரையெல்லாம் இங்க பக்கத்துலயே..."

"கீரை எதுக்கும்மா? எனக்கு ஒரே தேவைதான். இந்தத் தடம் விழறது நிக்கணும். முள்ளு போட்டேன், கல்லு அடுக்கினேன். விடிஞ்சா மறுபடி தேஞ்சு கிடக்கு."

தெரிந்ததைச் சொல்லாமல் அவள் வாய் சும்மா இருக்குமா?

"தடத்தை அடைச்சா நிக்காது சார். போறதுக்கு இதைவிட நல்ல இடம் காட்டணும். தானா திரும்பிடும்."

உரசல் நின்றது.

அவர் அவளையே பார்த்தார். "உங்க வீட்டுல யார் யார்மா?"

"அவரும் பொண்ணும். அவர் வேலை விட்டு வர்ற வரைக்கும் அவ தனியாத்தான். சரியான வாலு! யார் தட்டினாலும் ஓடிப்போய்த் திறந்துடுவா."

"வீடு எந்தப் பக்கம்?"

அவள் ஜன்னல் வழியே மதிலுக்கு அப்பால் கை நீட்டினாள். "நேரா போனா தெருக்கோடி."

வெளியே புல் மடிந்தது. யாரும் இல்லை. தடத்தின் மேல், ஓரடி விட்டு ஓரடி, புல் மடிந்துகொண்டே மதிலை நோக்கிப் போனது.

"மன்னிச்சிடும்மா," என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார்.

ஐயோ, என் பிள்ளை!

ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தெருக்கோடி. கேட். வீட்டு முன்னால் இருந்த புல்லில் புதிதாக ஒரு தடம்.

கதவு சாத்தியிருந்தது. அதே வாடை. தட்டினாள்.

"அம்மா," உள்ளேயிருந்து மகளின் குரல், "வெளியில யாரோ தட்டுறாங்க. திறக்கட்டுமா?"

மகள் கேட்டது இவளிடம் இல்லை, உள்ளே இருந்த யாரிடமோ.

கதவு திறந்தது. மகள் சிரித்தபடி நின்றாள். அவளுடைய சின்னக் கை, பின்னால் இருட்டில் நின்ற ஒரு கையைப் பிடித்திருந்தது. அதன் விரல்களிலிருந்து ஈர மண் உதிர்ந்துகொண்டிருந்தது.