அளவு: ஐந்தில் நான்கு

கயத்தாற்றுக் கவசக் கழகத்தின் வாசல் நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் வளர்ந்துவிட்ட பாவிகள் காலை ஒன்பது மணிக்குக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தங்கபுஷ்பம் நூற்று அறுபத்தெட்டு. பத்தொன்பது வருடமாகக் குனிந்து நுழைகிறாள். அவள் தோளுக்குக் கீழே நிற்கும் காவலாளி, "பாத்து வாங்கம்மா, மண்டையில இடிச்சிராம" என்று தினமும் சொல்லித் தினமும் சிரிப்பான். ஒரே நகைச்சுவையைப் பத்தொன்பது வருடம் சொல்லிச் சிரிக்கத் தனித் திறமை வேண்டும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். தலைமை வடிவமைப்பாளர் சங்கரநயினாரும் நூற்று எழுபத்திரண்டுதான். ஆனால் அவருக்குப் பின்பக்கம் தனி வாசல் உண்டு.

உலகத்தில் போர் ஒழிந்து நாற்பது வருடமாகிறது. நாடுகள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் டாங்கியின் வரைபடத்தை ஒப்புருக்களம் என்கிற பெருங்கணினிக்கு அனுப்பும். கணினி அவற்றைத் தனக்குள்ளேயே மோதவிட்டுத் தீர்ப்பு சொல்லும். ஜெயித்த நாட்டுக்கு ஆற்றுநீரில் பெரும்பங்கு. நிஜ டாங்கியை யாரும் கட்டுவதில்லை. ஆனால் உடன்படிக்கை எழுதிய மகான்கள் ஒரு விதி வைத்தார்கள். டாங்கி காகிதத்தில் இருக்கலாம், அதை ஓட்டுகிறவர்கள் காகிதத்தில் இருக்கக் கூடாது. அந்த வண்டிக்குள் உட்காரக்கூடிய நாற்பதாயிரம் பேர் நாட்டில் உயிரோடு இருப்பதாகப் பெயர், உயரம், எடை சொல்லி ஆளளவுச் சான்று தர வேண்டும். மனிதரின் பெயரை எழுதச் சொன்னால் அரசுகளுக்கு மனசாட்சி வந்துவிடும் என்று நம்பினார்களாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று?

நாட்டுக்காகக் கழகம் வரைந்து அனுப்பும் டாங்கி உலகத்திலேயே தாழ்வானது. தாழ்வான வண்டியில் குண்டு படாது, ஆகவே அது ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் உட்கார நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. நாற்பதாயிரம் பேர் போதும் என்றால் நாலு கோடிப் பேரைத் தயார் செய்வதுதானே நம் அரசாங்கங்களின் சுறுசுறுப்பு? பதினொரு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு வளர்முடக்கி மாத்திரை கொடுத்தார்கள். ஜனங்கள் அதைக் கட்டைமருந்து என்றார்கள். சட்டம் வந்தபோது தங்கபுஷ்பத்துக்குப் பதின்மூன்று வயது. தப்பித்துவிட்டாள். அவள் மகள் அமலிக்கு வருகிற வெள்ளிக்கிழமை முதல் மாத்திரை.

அந்த நினைப்போடுதான் அவள் திங்கட்கிழமை கூடத்துக்குள் போனாள். கூடத்தின் நடுவில் கழகத்தின் குலதெய்வம் வீற்றிருந்தது. சோவியத் காலத்து மர டாங்கி. அந்தக் காலத்துச் சோவியத் வடிவமைப்பாளர்கள் எதற்கும் துணிந்தவர்கள். அணுகுண்டு அலையில் கவிழாதிருக்கத் தட்டையான உடலும் நாலு சங்கிலித் தடங்களும் வைத்து ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஓட்டுநரையே சுழலும் கோபுரத்துக்குள் தூக்கி உட்காரவைத்து இன்னொன்று. முக்கால்வாசி கிடப்பில் போடப்பட்டன. அப்படிக் கிடப்பில் போன ஒன்றின் மர மாதிரியை, வரைபடம் இல்லாமல், ஏதோ ஒரு பழைய கொட்டகை ஏலத்தில் கழகத்தை நிறுவியவர்கள் வாங்கி வந்தார்கள். லேசர் வைத்து மைக்ரான் துல்லியத்தில் அளந்து, அதே அளவில் தங்கள் டாங்கியை வரைந்தார்கள். அந்தத் துல்லியத்தைப் பற்றி வாசலில் ஒரு கல்வெட்டே இருக்கிறது.

மாதிரியில் கரையான் ஏறியிருந்தது. கழகத்தில் ரஷ்யமொழி படிக்கத் தெரிந்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான் என்பதால், எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால் குறித்துவைக்க அவளை அனுப்பினார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பழுதுபார்க்க வந்த தச்சர் கழற்றினார். உள்பக்கம் தடித்த பென்சிலில் நாலு வரி இருந்தது. அவள் டார்ச் அடித்து வாசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து மறுபடி வாசித்தாள்.

"நல்ல மரம் போதவில்லை. ஐந்தில் நான்கு அளவில் செய்திருக்கிறோம். பெரிய அதிகாரிகள் பார்வைக்கு மட்டும். உள்ளே யாரும் உட்கார வேண்டாம்."

கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. நிஜ டாங்கியின் இருக்கை நூற்று எழுபத்தைந்து சென்டிமீட்டர் ஆளுக்கு. அதில் ஐந்தில் நான்கு நூற்று நாற்பது. பீரங்கிக் குழாயும் நூற்று இருபத்தைந்து மில்லிமீட்டரிலிருந்து நூறாகச் சுருங்கியிருந்தது. இரண்டுமே பீரங்கிகளில் புழக்கத்தில் இருந்த அளவுகள். அதனால் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. முப்பத்தோரு வருடம், முந்நூறு பொறியாளர்கள், மைக்ரான் துல்லியம். எப்போதோ ஒரு சோவியத் தச்சரிடம் மரம் தீர்ந்துபோனதற்காக ஒரு தலைமுறை வளராமல் நின்றிருக்கிறது. செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்று கேலியாகக் கேட்போம். இவர்கள் வெட்டியதோ செருப்புப் பொம்மைக்காக. அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகவே வந்தன. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி வெள்ளிக்கிழமை மாத்திரை ஏது?

பலகையைக் கையோடு எடுத்துக்கொண்டு சங்கரநயினார் அறைக்குப் போனாள். அவர் கால் அறுத்த நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார். அவள் மொழிபெயர்த்துச் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நல்லா வாசிச்சீயளா? தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணாச்சி. அளவு எல்லாம் ஒத்துப்போவுது. நாம ஒரு பொம்மையக் காப்பி அடிச்சிருக்கோம்."

"பொம்மைன்னு சொல்லாதீய." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பன்னெண்டு வருசமா ஜெயிக்கோம். எப்படி ஜெயிக்கோம்? வண்டி தாழ்வா இருக்கதால. ஏன் தாழ்வா இருக்கு? மரம் பத்தல. அப்ப அந்தத் தச்சன் பெரிய மேதைலா?"

"அண்ணாச்சி, பிள்ளையெல்லாம் வளராம கெடக்கு."

"வளந்து என்ன செய்யப் போவுது? நீங்க வளந்துட்டீய, நான் வளந்துட்டேன். குனிஞ்சு குனிஞ்சு முதுகுவலிதான் மிச்சம்." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "ஏம்மா, ஒருதடவ அஞ்சில் நாலாக்கி ஜெயிச்சோம்னா, இன்னொருதடவ ஆக்கக் கூடாதா? நூத்திப் பன்னெண்டு வருது. வடக்க உள்ள நாட்டுக்காரன் அசந்துபோவான். மாத்திரைய ஏழு வயசுலயே ஆரம்பிக்கணும், அம்புட்டுதான்."

அவர் அதை அப்போதே குறித்துக்கொண்டார். தங்கபுஷ்பம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மண்டைக்குத் தனி வாசல் வேறு ஒரு கேடு என்று தோன்றியது. எழுந்து வெளியே வந்து, பலகையின் படத்தையும் மொழிபெயர்ப்பையும் ஊர் முழுக்கப் பார்க்கும் பொதுத்திரையில் ஏற்றினாள். வேலை போனால் மயிரே போயிற்று என்றுதான் ஏற்றினாள்.

வேலை போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஊர் சிரித்தது. புதன்கிழமை பட்டிமன்றம் நடத்தியது. வியாழக்கிழமை பெருமைப்படத் தொடங்கிவிட்டது. சோவியத்துக்காரனே உட்கார முடியாத வண்டியில் நாங்கள் உட்காருவோம் என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அரசு அவளுக்கு ஒரு சால்வை அனுப்பியது. இந்தக் கூட்டத்துக்கு உண்மையைச் சொல்வதும் ஒன்றுதான், சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான்.

மற்றவர்கள் எக்கேடாவது கெடட்டும், தன் பிள்ளை தன் பிள்ளைதானே என்று வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மாத்திரை வரிசை மைதானம் வரை நீண்டிருந்தது. அமலி ஐந்தாவதாக நின்றாள். நூற்று முப்பத்தெட்டு. இரட்டைச் சடை, தாயைப் போலவே நீளக் கை, நீளக் கால். தங்கபுஷ்பம் அவளைத் தனியே இழுத்தாள்.

"ஏட்டி, வா வீட்டுக்குப் போவோம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"பதினொண்ணு முடிஞ்சா நாங்களே போடலாம்மா. மிஸ் சொன்னாவ."

"நான் எழுதுனத வாசிச்சியா இல்லையா? அது மரப்பொம்ம, மக்கா. நிசமான வண்டியே கெடையாது. அதுக்குள்ள ஒரு மனுசனும் உக்காந்ததில்ல."

"வாசிச்சேன். எல்லாருந்தான் வாசிச்சாவ."

"பின்ன எதுக்குட்டி?"

அமலி தாயைக் காலிலிருந்து தலைவரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். பஸ்ஸில் கழுத்தை மடக்கி நிற்கிறவள், கல்யாண வீட்டில் கடைசி வரிசைக்கு அனுப்பப்படுகிறவள், தெருப் பிள்ளைகள் கொக்கு என்று கூப்பிடுகிறவள்.

"நீ ஒசந்து என்னத்தம்மா கண்ட? பொம்மைன்னு கண்டுபிடிச்ச. ஒருத்தராவது கேட்டாவளா?"

பிள்ளையின் சொல்லைவிட அந்தப் பார்வைதான் தங்கபுஷ்பத்தைச் சுட்டது. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். காவலாளியையும், சங்கரநயினாரையும், சட்டை போட்டுக்கொண்ட ஊரையும் இத்தனை வருடம் அவள் பார்த்த பார்வை அது. வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவர்களை அப்படித்தான் பேசினாள். எதிரில் உட்கார்ந்து அமலி கேட்டுக்கொண்டிருந்தாள், எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு.

"அமலி, அம்மா சொல்லுதத ஒருதடவ கேளுட்டி," என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது. யாரிடமும் அவள் அப்படிக் கெஞ்சியதில்லை.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். அமலி போய் விரல் ரேகை வைத்தாள், மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள், விழுங்கியதைக் காட்ட வாயைத் திறந்தாள். பிறகு தோழிகளோடு வகுப்புக்கு ஓடிவிட்டாள். அதே சமயத்தில் பக்கத்துச் சுவரில், ஏழு வயதுக்காரர்களை அளக்கப் புதிதாக வந்த அளவுகோலை இரண்டு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.