துரு தின்னும் நூல்

நாடாவில் இரும்பு ருசி இல்லை.

ஊடைநூல் தீரும்போதெல்லாம் விசைத்தறியை நிறுத்தி, நூல் சுற்றிய புதுத் தாரைத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் பொருத்தி, அதன் இரும்புக் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சினால் நூல்முனை நாக்குக்கு வந்து சேரும். பதினோரு வருடமாக வேல்விழி அப்படித்தான் உறிஞ்சுகிறாள், நாளுக்கு நூறு தடவைக்குக் குறையாமல். எண்ணெயும் துருவும் முந்தின ஷிப்டுக்காரியின் எச்சிலும் கலந்த அந்த ருசி சோற்றுக்குள்ளும் கூடவே வரும். இன்று வெறும் ஈரம். ஊசிப்போன கஞ்சியின் வழுவழுப்பு, அடியில் லேசான இனிப்பு.

துப்பினாள். உள்ளங்கையில் ஒரு வெள்ளை இழை கிடந்தது. பருத்தி இல்லை. விரலில் தேய்த்தால் மெழுகுபோல் இழுபட்டது.

நூல் அறாமலிருக்கத் தார்களை நனைத்து வைக்கும் தகர டிரம் மூலையில் இருந்தது. அடைமழை பத்து நாளாக விடவில்லை. ஷெட்டின் சுவர்கள் வியர்த்திருந்தன. டிரம் தண்ணீரின் மேல் பாலாடைபோல் ஒன்று படர்ந்திருந்தது. நாற்றம் மூக்கில் நிற்காமல் தொண்டைவரை இறங்கியது.

"அண்ணாச்சி, தண்ணி நாறுது. மாத்திப் போடலாம்லா."

முதலாளி சங்கரசுப்பு பாவுநூல் சுற்றிய பீமைப் பார்த்தபடியே சொன்னார். "சாயம் எறங்குன தண்ணி. மாத்துனா புது நூல் வெளுத்துரும். மேலாப்புல வழிச்சுப் போட்டுட்டு ஓட்டு தாயி. ஊருக்கெல்லாம் சேல வேணும், உனக்கு மட்டும் மூக்கு."

வழித்தாள். அந்தப் படலம் கையோடு கனத்து வந்தது. அதன் அடியில் வெள்ளை வேர்கள் தொங்கின, டிரம்மின் சுவரைப் பிடித்துக்கொண்டு. பிய்த்தாள். துருவேறிக் கிடந்த தகரம் அந்த இடத்தில் மட்டும் நக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கட்டைவிரலை வைத்தாள். விரல் மறுபக்கம் போனது.

அவளுக்கு ஆறு மாதம். இரண்டு கலைந்து மூன்றாவது தங்கியது. ரத்தம் ஏழுதான் இருந்தது. சத்து மாத்திரை விழுங்க விழுங்க இறங்கியது. நான்கு நாளாகப் பிள்ளை அசையவில்லை. நாளைக் காலையில் இரும்புச் சத்து டிரிப் ஏற்ற வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

வீட்டில் நாத்தனார் அபிதா செல்போன் வெளிச்சத்தை அவள் வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். காலேஜில் நுண்ணுயிரியல் படிக்கிறவள்.

"என்ன மதினி, உள்நாக்குல ரோமம் மாதிரி இருக்கு?"

"டிரம்முல உள்ளதுதான். தகரத்தையே தின்னுட்டு ஏட்டி."

"பூஞ்சைக்கு இரும்பு இல்லாம முடியாது. துருவ அப்படியே திங்க ஏலாது. அதனால ஒரு ரசாயனத்தக் கக்கும். துரு கரையும். உறிஞ்சி உள்ள பூட்டி வச்சுக்கிடும். வேணுங்கப்ப ஒரு நொதி பூட்டத் தெறக்கும்." வெளிச்சத்தை அணைத்தாள். "ரத்தத்துலயும் இரும்புதான மதினி இருக்கு. நீங்க முழுங்குத மாத்திரைக்கு ரெண்டு வாயி இருக்கும்போல."

சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டாள்.

"டாக்டர்ட்ட இதக் காட்டிட்டுத்தான் டிரிப் போடணும். இது இருக்கப்ப இரும்பு ஏத்தக் கூடாது."

வேல்விழி சரி என்றாள். சொன்னால் டிரிப்பை நிறுத்திவிடுவார்கள். ரத்தம் இன்னும் இறங்கும். போன இரண்டும் அப்படித்தான் போயின.

காலையில் ஆஸ்பத்திரியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டாள். காய்ச்சிய கருப்பட்டி நிறத்தில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கால் பாட்டில் போனதும் தொண்டையில் குறுகுறுத்தது. அரை பாட்டிலில் பிள்ளை உதைத்தது. முதலில் மெல்ல, பிறகு பலமாக. அவள் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி, "ஆம்பளப் புள்ளதான், இந்த மிதி மிதிக்கான்," என்றாள்.

பாட்டில் தீர்ந்து ஊசியை எடுத்ததும் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டாள்.

பினாயில் வாடை. சொட்டுகிற குழாய். மேலே அழுக்குக் கண்ணாடி.

வாயைத் திறந்தாள். நாக்கின் அடியிலிருந்து உள்ளே போகும் வழி முழுக்க வெள்ளை. நனைந்த பஞ்சுபோல். அது மூச்சுக்கு ஏற்ப ஆடியது. நடுவில் ஒரு இழை மட்டும் தடித்து நீண்டிருந்தது.

தறிக்காரியின் விரல். முனையைப் பிடித்தாள். இழுத்தாள்.

வந்தது. ஒரு சாண். ஒரு முழம். வெதுவெதுப்பாக, சளி பூசி, பழுப்புப் புள்ளிகளோடு. குமட்டியது. விடவில்லை. இழுத்தாள்.

எங்கோ இறுகியது.

வயிற்றில் பிள்ளை புரண்டது.

நிறுத்தினாள். பிள்ளை நின்றது.

மெல்லச் சுண்டினாள். வலப்பக்கம் ஒரு குதிகால் எழும்பி அடங்கியது. மறுபடி சுண்டினாள். மறுபடி எழும்பியது.

பல்லால் கடித்தால் அறுந்துவிடும். ஆயிரம் நூல் கடித்த பல். இழையைப் பல்லுக்கிடையில் வைத்தாள். லேசாக அழுத்தினாள். உள்ளே அசைவு நின்றது. குளியலறை முழுக்க அந்த அமைதி. எண்ணினாள். பத்து. இருபது.

பல்லை எடுத்தாள்.

பிறகு விழுங்கினாள். ஒரு முழம், ஒரு சாண், அழுகல் நெடியோடு. கண்ணில் நீர் வழிய விழுங்கினாள். பிள்ளை அசைந்தது.

"ஏம்மா, உள்ள என்ன செய்த? நல்லாருக்கியா?" வெளியே நர்ஸ் கதவைத் தட்டினாள்.

பதில் சொல்ல உதட்டைப் பிரித்தாள். இழையின் முனை தானே வெளியே வந்தது. காற்றில் ஒரு கணம் தயங்கியது. துருப்பிடித்த குழாயின் பக்கம் திரும்பியது. தொட்டது. தொட்ட இடத்தில் துரு ஈரமானது.

பிள்ளை உதைத்தது. ஒரே சீராக, நிறுத்தாமல்.

அவள் குழாயின் பக்கம் குனிந்தாள். வாயை மூடவில்லை.