அமிலக் கொட்டகை

மதியம் மூன்று மணிக்கே கொட்டகைக்குள் இருட்டிக் கிடந்தது. மண் ஆய்வாளர் துளைக்கருவியைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றாள். வெளியே தூறல். பேட்டரித் தொழிற்சாலையை மூடிப் பதினாறு வருஷமாகியும் உள்ளேயிருந்து அமில வாடை மூக்கைத் துளைத்தது.

"இதுதான் மேடம் கடைசி இடம்," என்றாள் தையல்காரி.

குடியிருப்போர் சங்கத் தலைவி அவள். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, ஈயமும் அமிலமும் ஊறிய இந்த நிலத்தைச் சுத்தப்படுத்தி, ஒரு சிறு மருத்துவமனையும் நாற்றுப் பண்ணையும் அமைக்கத் துணிந்திருந்தன.

"மத்த ஏழு இடத்துக்கும் ஆள் வந்தாங்க. இங்க மட்டும் ஒருத்தனும் கால் வைக்க மாட்டேங்கிறான்."

"ஏன்க்கா?"

"என் அண்ணன் இங்கதான் வேலை பார்த்தான். ஒருநாள் ஷிஃப்டுக்குப் போனவன் திரும்பல. சொல்லாம ஓடிட்டான்னு கம்பெனில கை கழுவிட்டாங்க. செருப்ப வாசல்லயே விட்டுட்டா மேடம் ஒருத்தன் ஓடுவான்?"

ஆய்வாளர் உள்ளே போனாள். தரையில் ஓர் உடைந்த இடம் பார்த்து, கருவியை ஊன்றிக் கைப்பிடியைத் திருகினாள். ஓரடி. இரண்டடி. கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நாலடியில் கருவி நின்றது.

பாறையாக இருக்கும் என்று நினைத்து வெளியே இழுத்தாள். அசையவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தாள்.

கைப்பிடி தானாகத் திரும்பியது.

மெதுவாக. கீழேயிருந்து யாரோ திருகுவதுபோல.

சொட்டும் சத்தம் நின்றுவிட்டது. குழிக்குள்ளிருந்து, வாய் நிறைய மண்ணோடு பேசும் குரல் ஒன்று வந்தது.

"இன்னும்... கீழ..."

எப்படி வெளியே வந்து விழுந்தாள் என்று ஆய்வாளருக்கே தெரியவில்லை. திக்கித் திணறி அவள் சொன்னதைக் கேட்ட தையல்காரி, சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"வேணாங்க்கா!"

"எனக்குப் பயமில்லனு சொல்லல மேடம். பயந்து பயந்துதான் பதினாறு வருஷம் இந்த இடத்தச் சுத்திப் போனோம். போதும். வாங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினார்கள். கைப்பிடியில் நாலு கைகள்தான் இருந்தன. ஆனால் ஆறு கை சேர்ந்து திருகுவதுபோல் கருவி இலேசாக இறங்கியது. ஒன்பதடியில் மேலே இழுத்தபோது கரிய சேறு வந்தது. அதற்குள் நீலத் துணிக் கிழிசல் ஒன்று. அதில் ஒரு பட்டன்.

தையல்காரி அதைக் கட்டைவிரலால் துடைத்தாள். நீலச் சட்டைக்குச் சிவப்பு நூல்.

"நூல் தீந்துபோச்சுன்னு சிவப்புல தைச்சேன்," என்றாள். "திட்டிக்கிட்டே போட்டுட்டுப் போனான்."

வாசலில் குடை மடங்கும் சத்தம். தொழிற்சாலையை நடத்திய கம்பெனியின் மேலாளர் நின்றிருந்தார். நிலத்தில் விஷம் இருப்பது உறுதியானால் அகற்றும் பொறுப்பு கம்பெனியின் தலையில் விழும்.

"எதுக்கு மேடம் இந்த வீண் வேலை? ரெண்டடி நல்ல மண்ணக் கொட்டி, மேல கான்கிரீட் போட்டுடலாம். நிலம் சுத்தம்னு ஒரு கையெழுத்து போடுங்க."

"போட மாட்டேன்."

"அப்ப முதல்ல இத வெளிய எடுங்க," என்று அவரே கைப்பிடியைப் பற்றினார்.

பற்றிய கையை அவரால் எடுக்க முடியவில்லை.

கருவி சுழன்றது. அவரும் கூடவே சுழன்றார். முழங்கால் தரையில் உரசியது. "விடு! விட்ருடா!" என்று அலறினார். அங்கே ஆண்கள் வேறு யாருமில்லை. கடைசியில் கை விடுபட்டபோது மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், அமிலம் பட்டதுபோல் வெந்திருந்தது. குடையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்.

தையல்காரி கண்ணீர் வழியச் சிரித்தாள்.

அந்த இடத்தைத் தோண்டி அண்ணனின் எலும்புகளை எடுத்து அடக்கம் செய்தார்கள். வழக்கு நடந்தது. கம்பெனியின் செலவிலேயே விஷ மண்ணை வாரி வெளியேற்ற மூன்று வருஷம் பிடித்தது. அமிலக் கொட்டகை இருந்த இடத்தில் மருத்துவமனைச் சுவர் எழும்பியது. கடைசிச் சோதனைக்கு ஆய்வாளர் எட்டு மண் பைகளை முத்திரை வைத்து அனுப்பினாள்.

நாலாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவுகளோடு பைகளும் திரும்பின. எட்டும் சுத்தம்.

பெட்டிக்குள் ஒன்பது பைகள் இருந்தன.

ஒன்பதாவதில் ஈயம் அளவு மீறி இருந்தது. பையில் ஒட்டிய சீட்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ஆற்றுக்கு அக்கரைத் தொழிற்சாலை, கிழக்குச் சுவர், பன்னிரண்டடி. அதே கம்பெனி போன வருஷம்தான் அங்கே புதிதாகத் திறந்திருந்தது.

ஆய்வாளர் சீட்டைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

"அண்ணனாக்கா?"

தையல்காரி ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து, சுவரில் சாய்த்திருந்த துளைக்கருவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இது அவன் எழுத்து இல்ல மேடம்."