எண் போடாத பாகம்

வரைபடத்தில் இல்லாத ஒரு பாகம் அந்த வெள்ளைத் தகட்டில் இருந்தது. கீழ் இறக்கைக்கும் வாலுக்கும் நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மேடு. மற்ற பாகங்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

அவன் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மழை விட்டபாடில்லை. ஈரச்சுவரின் வாடையும் பசையின் காரமான நெடியும் கூடத்தில் தேங்கி நின்றன. விடியற்காலையில் லாரி ஷெட்டுக்குப் போய் மூட்டை இறக்கிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் இந்த மேசைக்கு வந்துவிடுவான். நூறு வருஷத்துக்கு முந்தைய போர் விமானங்களின் பொம்மை மாதிரிகள், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்தவை. மூன்றைக் கட்டி முடித்து அலமாரி மேல் நிறுத்தியிருந்தான். இது நாலாவது.

இந்த மாதிரிப் பெட்டியில் பாகங்கள் தனித்தனியாக வராது. சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் விரித்து அடியிலிருந்து காற்றை உறிஞ்சிவிடுவார்கள். தகடு அச்சைக் கவ்விக்கொள்ளும். இறக்கையும் உடலும் என்ஜின் மூடியும் ஒரே தகட்டில் புடைத்து நிற்கும், நனைந்த துணிக்கு அடியில் படுத்திருப்பது போல. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கோட்டை ஒட்டிக் கத்தியால் கீறி, ஒடித்து எடுத்து, பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்ப்பது வாங்கியவன் பாடு. தேய்த்துக்கொண்டே போனால் பென்சில் கோடு தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டினால் பாகம் போச்சு.

"இன்னிக்கும் ஏரோப்ளேனா?" உள் அறையிலிருந்து அவன் மனைவி கேட்டாள். குரலுக்கு முன்னால் மூச்சு வந்தது, குறுகலான குழாயில் காற்று போகிற மாதிரி.

"தண்ணி தொட்டுத்தான் தேய்க்கறேன். தூசி வராது."

"தூசியை யாரு சொன்னா? என் தலையில இருக்கற நாலு முடியும் உங்க ப்ளேனுக்குக் கம்பியாப் போயிடும் போலிருக்கே."

அவன் சிரித்தான். இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கு அவள் சீப்பில் வந்த முடியைத்தான் கட்டுவான். அதைவிட மெல்லியதாகக் கடையில் எதுவும் கிடைக்காது.

லாண்ட்ரியில் நீராவிக்கு நடுவே நின்று படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. இளைப்பு முற்றியதால் இப்போது லீவில் இருந்தாள். போன தடவை மாதிரி இன்னொரு தடவை மூச்சு அடைத்தால் தாங்காது என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவளிடம் அவன் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது அந்த அறையிலேயே இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்.

காலி பாட்டிலின் வயிற்றை அமுக்கிவிட்டால் திரும்ப எழும்புமே, அந்தச் சத்தம். மழைத் தண்ணீர் எங்கோ சொட்டுகிறது என்று எழுந்து அடுப்படியைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். கத்தியை வலப்பக்கம் வைத்தான், பிறகு இடப்பக்கம் வைத்தான். கை எதிலும் ஒட்டவில்லை.

டக்.

அந்த மேடு உள்ளே அமுங்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க மேலே எழும்பியது.

மறுநாள் அது பாதி முட்டை அளவுக்கு இருந்தது. நடுவில் ஒரு தண்டு ஓடியது. பக்கத்தில் இருந்த வால் பாகம் ஒதுங்கி இடம் விட்டிருந்தது. நேற்றுச் சரியாகப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே பெட்டியைக் கொடுத்த லாரி டிரைவருக்குப் போன் போட்டான்.

"ஏம்ப்பா, அந்தப் பெட்டி யாரோடது?"

"ஏன் மச்சான், பறந்து போயிடுச்சா?"

"விளையாடாதே. யாரோடது?"

"திரும்பி வந்த சரக்குப்பா. அனுப்பின கடையை மூடிட்டாங்க. ஷெட்டுல சும்மா கிடந்துச்சு, உனக்கு ஆகுமேன்னு எடுத்தேன்."

"வாங்கின ஆளு ஏன் திருப்பி அனுப்பினான்?"

டிரைவர் சிரித்தான். "அது பெரிய கூத்து. ஒரு பாகம் கூடுதலா இருக்குன்னு தகராறு பண்ணானாம். குறைஞ்சுதுன்னு சண்டைக்கு வர்றவனைப் பார்த்திருக்கேன். கூடிப்போச்சுன்னு வந்தவன் அவன் ஒருத்தன்தான்."

போனை வைத்தான். உள்ளே அவள் இருமினாள். மருந்து பம்ப்பை அமுக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"என்னம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"இந்த மழையிலயா? ஒண்ணும் ஆகல. போய் உங்க சக்களத்தியைக் கவனிங்க."

அவள் மூச்சை இழுத்தாள். மேசை மேல், டக். மூச்சை விட்டாள். டக்.

அவன் அசையாமல் நின்று கேட்டான். இழுப்புக்கு ஒன்று. விடுவதற்கு ஒன்று. தப்பவே இல்லை.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தான். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் மேசைக்குப் போனான்.

தகட்டில் இப்போது ஒரு முகம் இருந்தது. உள்ளங்கை அளவு. மூடிய கண்கள், மூக்கு, லேசாகத் திறந்த உதடு. தாடையில் சின்னதாக ஒரு தழும்பு. அவளுக்கு இஸ்திரிப்பெட்டி பட்டது. எந்த வருஷம் பட்டது என்றுகூட அவனுக்குத் தெரியும்.

தகட்டை ஒடித்துத் தெருவில் எறியத்தான் தூக்கினான். கொஞ்சம் வளைத்ததும் உள்ளே அவளுக்குத் தொண்டை அடைத்த மாதிரி ஒரு கேவல். கட்டில் கிரீச்சிட்டது. அவன் பதறிப்போய்த் தகட்டைக் கீழே வைத்தான். கேவல் நின்றது. பழைய இளைப்பு திரும்பியது, முன்னைவிடச் சன்னமாக.

ஒடிக்க முடியாது. அப்படியே விடவும் முடியாது. ஒவ்வொரு டக்குக்கும் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அவள் மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. இது அவளிடமிருந்துதான் இழுக்கிறது. எந்த வழியாக?

முகத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். மூக்குக்கு அடியில் இரண்டு ஊசித்துளைகள். தகட்டில் இப்படித் துளை விழுவது அவனுக்குப் பழக்கம்தான். துளையைப் பார்த்தாலே முதலில் அடைத்துவிடுவான். துளை இருந்தால் பெயின்ட் நிற்காது.

விரல் நுனியை அந்த இரண்டு துளைகள் மேலும் வைத்தான்.

டக் சத்தம் நின்றது. உள்ளே இளைப்பும் நின்றது.

எத்தனை நாளாயிற்று இந்த வீடு இப்படி அமைதியாக இருந்து. மழை மட்டும் பெய்தது. அவனுக்குக் கண் கலங்கியது. விரலை எடுத்தான். உடனே உள்ளே அந்தக் குழாய்ச் சத்தம், கொரகொரவென்று, அவசரமாக. மறுபடி வைத்தான். அமைதி.

இவ்வளவுதானா. அடைத்துவிட்டால் இழுக்க முடியாது. மூச்சு அவளிடமே தங்கிவிடும்.

துளைகளின் மேல் சமையல் சோடா மாவைத் தூவினான். சொட்டுப் பசையை எடுத்தான். மாவில் பசை பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் கல்லாகிவிடும், உளி வைத்தாலும் வராது. அதனால்தான் எப்போதும் இந்த முறை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. மெல்லிய புகை எழுந்து மூக்கில் ஏறியது.

முகம் ஒரு தடவை உள்ளே அமுங்கப் பார்த்தது. முடியவில்லை. அப்படியே நின்றது.

சத்தம் இல்லை. இளைப்பு இல்லை. இருமல் இல்லை.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான்.

தூங்கிவிட்டாள் போல. தூங்கட்டும். நாற்காலியில் சாய்ந்தான். தோளில் இருந்த மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம்தான். அதற்குள் காது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. உள் அறையைத் தேடியது. தூங்குகிறவளுக்கும் ஒரு மூச்சு உண்டு. துணி உரசும். கட்டில் முனகும்.

எதுவும் இல்லை.

எழுந்தான். நாற்காலி விழுந்தது.

அறையில் சாம்பல் வெளிச்சம். பசை நெடி. அவள் மல்லாந்து படுத்திருந்தாள். தலையோடு போர்த்தியிருந்தாள், லாண்ட்ரியில் கழித்துப் போட்ட வெள்ளை விரிப்பு. அது அவள் மேல் கிடக்கவில்லை. கவ்வியிருந்தது. நெற்றி. கண்குழி. மூக்கு. தாடைத் தழும்பு. ஒரு சுருக்கம் இல்லை.

"ஏம்மா."

ஓரத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கையில் துணி இல்லை. வழவழவென்று இருந்தது. விறைப்பாக. சில்லென்று. நகத்தால் கீறினான். நகம் வழுக்கியது.

மூக்கின் அடியில் இரண்டு பொட்டு. வெள்ளை. கல்.

கத்தி. கத்தி மேசையில். திரும்பப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவள் உடம்பும் கட்டிலும் சேருகிற இடத்தில், தலையைச் சுற்றி, தோளை ஒட்டி இறங்கி, கால்வரை போய் மறுபக்கம் ஏறி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்திருந்தது ஒரு பென்சில் கோடு. மெல்லிய கோடு. கை நடுங்காமல் போட்டது.