துணைக் கம்பி

பழைய வீடியோ கேம் பெட்டிக்குப் பேட்டரி மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. காசளவு பேட்டரி; எதுவரை விளையாடினோம் என்பதை அதுதான் மறக்காமல் வைத்திருக்கும். கழற்றும்போது வேறொரு பேட்டரியிலிருந்து துணைக் கம்பி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்; கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்ற திமிர் எனக்கு உண்டு.

அன்று மதியம் ஒரு மாடி வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. அந்த அறையில் மட்டும் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். எங்கிருந்தோ தைல வாசனை. அந்த வீட்டு அக்கா பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"என் பொண்ணோடது, தம்பி. அவ போய் நாலு வருஷமாச்சு. அவ ஆடின ஆட்டம் இதுலதான் இருக்கு. இதுவும் போயிட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல."

"நீங்க ஆடுவீங்களாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

டிவியைப் போட்டார். 'பாப்பா' என்ற பெயரில் ஒரே ஓர் ஆட்டம். கடைசியாகச் சேமித்தது: நேற்று மாலை 4.10.

கடிகாரம் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பூஜ்ஜியம். ஆட்டம் வேறெங்கோ பதிந்திருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். செத்த பேட்டரிக்கு எதற்குத் துணைக் கம்பி?

புதியதைப் போட்டு இயக்கினேன். பெயர் இல்லை.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பழசையே போட்டுடுங்க தம்பி" என்றார். பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், மனசு கேட்காமல் போட்டேன்.

தைல வாசனை குப்பென்று அடித்தது.

பெட்டியில் இணைக்காமல் தரையில் கிடந்த கன்ட்ரோலரில் ஒரு பட்டன் தானாக அமுங்கியது.

டிக்.

மறுபடியும், டிக்.

திரையில் 'பாப்பா' வந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா. எப்பவோ செத்துடுச்சு."

"அப்போ இத்தன நாளா அவளேதான் புடிச்சுக்கிட்டு இருந்தாளா?" குரல் உடைந்தது. "கை வலிக்குமே, தம்பி."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இந்த முறை துணைக் கம்பி கொடுத்து, ஒழுங்காக மாற்றினேன். பெயர் அப்படியே நின்றது. அக்கா அந்தக் கன்ட்ரோலரைத் தடவி, "விட்டுடுடா கண்ணு. இனி அம்மா பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்தார். பழைய பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். "ஆட்டம் அந்தப் பழைய தேதியிலயே நிக்குது தம்பி. இப்பத்தான் நிம்மதியா தூங்குறா போல." சிரித்துக்கொண்டே அழுதார்.

"ஆமாக்கா" என்றேன்.

வேறென்ன சொல்வது? அந்தப் பேட்டரி என் கடை மேசையில் இருக்கிறது. மீட்டரில் பூஜ்ஜியம்தான். ஆனால் தொட்டுப் பார்த்தால் உள்ளங்கைச் சூடு. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். கொடுத்தால் அந்த அம்மாவின் நிம்மதி போய்விடும். கொடுக்காவிட்டால், பாப்பா தன் அம்மா இல்லாமல் இங்கே கிடப்பாள்.

மாலை நாலு மணி ஆனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழுதுக்கு வந்த ஒரு கன்ட்ரோலரை மேசையில் வைப்பேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

முதலில் தைல வாசனை வரும்.

பிறகு, டிக்.