பக்கத் துண்டுகள்

சங்கிலியின் மேல் கட்டை எதுவும் இல்லை. திரையில் மட்டும் ஒன்று இருந்தது.

வில்லு கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். மர மில் ஆட்கள் எல்லோரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் அவள் மட்டும், திறக்காத சாப்பாட்டு டப்பாவுடன். வெளியே ஈர மரத்தின் புளித்த வாசனை, சூடான கிரீஸ் வாசனை, தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது டிக் டிக்கென்று முனகும் சத்தம். சங்கிலி காலியாக நின்றிருந்தது. திரையிலோ ஐந்தடி இரண்டு அங்குல நீளத்தில், மேலே இடது பக்கம் ஒதுங்கி, கீழே வலது பக்கம் புடைத்து, ஒரு கோணல் கட்டை பச்சை நிறத்தில் படுத்திருந்தது.

தூசி அடைத்திருக்கும் என்று நினைத்து ரிஜெக்ட் பட்டனை அமுக்கினாள். உருவம் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு முன் அண்ணன் வாங்கிப்போட்ட இயந்திரம் அது. தொடை தடிமன்கூட இல்லாத, வளைந்து நெளிந்த கட்டைகளை மற்ற மில்காரர்கள் விறகுக்குத் தள்ளிவிடுவார்கள். இது தள்ளாது. சங்கிலியில் ஏற்றிவிட்டால் ஒரு தகரக் கூண்டுக்குள் கொண்டுபோய், நான்கு கண்ணாடிக் கண்களால் அளந்து, திரையில் உருவத்தை வரைந்து, எங்கே அறுப்பது என்று இரண்டு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அவள் சரி என்று அமுக்கினால் உருளைகள் கட்டையைப் புரட்டி வளைவை மேலே கொண்டுவரும். இரண்டு ரம்பங்களும் அந்த வளைவோடு கூடவே வளைந்து போகும். நடுவில் பலகை. மரப்பட்டையோடு கழிகிற பக்கத் துண்டுகள் இரண்டும் வேறு பெல்ட்டில் விழும். பலகையும் வளைந்துதான் வரும், ஆனால் ஈரத்தோடு அடுக்கி, மேலே சிமெண்ட் பாளங்களை ஏற்றி, சூடான அறையில் பத்து நாள் வைத்தால் நிமிர்ந்துவிடும்.

“கோணலுக்குக் கோணல்தான் சரியா வரும்னு உன்ன உக்கார வெச்சிருக்கேன்,” என்று அண்ணன் முதல் நாளே கேலி செய்தான். அவளும் சிரித்தாள். வில்லு என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல, முதுகு வாங்கிக் கொடுத்த பெயர். எட்டு வயதில் தொடங்கிய வளைவு. இடது தோள் ஏறியும் வலது இடுப்பு புடைத்தும் நிற்கும். பதினோரு வயதில் இரும்புக் கம்பி வைத்த தோல் பெல்ட் ஒன்றை மாட்டி, இரவும் பகலும் கழற்றக்கூடாது என்றார்கள். மூன்று வருடம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு, எத்தனை அடி விழுந்தும் எங்கே என்று வாயைத் திறக்கவில்லை. வார் உரசிய தழும்பு இடது விலாவில் இன்னும் இருக்கிறது. இப்போது நாற்பது வயது. அந்த முதுகை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. யாராவது பார்த்து உச்சுக் கொட்டினால்தான் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

மறுநாளும் அதே நேரத்தில் அந்த உருவம் வந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒரு முனையில் உருண்டையாக ஏதோ சேர்ந்தது. மறுமுனை இரண்டாகப் பிரிந்தது. நான்காம் நாள், இடது பக்கம் ஏறி நின்ற அந்த மேட்டைப் பார்த்தபோது அவள் கை தானாகப் போய் தன் தோளைத் தொட்டது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இயந்திரம் வந்த முதல் வாரத்தில், கூண்டுக்குள் மரப்பட்டை சிக்கி சங்கிலி நின்றுபோனது. “ரெண்டு சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போகணும்கா, ரம்பத்துக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு,” என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவள் ரம்பத்தை மட்டும்தான் அணைத்தாள். கண்தானே, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்ற அலட்சியம். கால் மணி நேரம் அதன் வயிற்றுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு பட்டையைப் பிய்த்தாள். சிவப்பு வெளிச்சம் அவள் முதுகின் மேல் மெல்ல மேலும் கீழும் போய்வந்தது. மெல்லிய வெதுவெதுப்பு. அதை அவள் அன்று பொருட்படுத்தவில்லை.

ஐந்தாம் நாள் கோடுகள் வந்தன. இடது விலாவை ஒட்டி ஒன்று, வலது இடுப்பை ஒட்டி ஒன்று. கோட்டுக்கு வெளியே நின்றதெல்லாம் சாம்பல் நிறம், அதாவது கழிவு. கீழே வழக்கமான கேள்வி: அறுக்கலாமா?

பயத்துக்கு முன்னால் அவமானம்தான் வந்தது. எவ்வளவு மோசமான கட்டைக்கும் வளைந்து கொடுக்கிற கோடுகள், அவளுக்கு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நின்றன.

“உன்ன யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டு ரிஜெக்டை அமுக்கினாள். சத்தமாகவே சொன்னாள்.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது விலாவிலும் இடுப்பிலும் தலைமுடி கனத்தில் இரண்டு சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள். தேய்த்தாள், போகவில்லை. வலியும் இல்லை. விடிந்து மழைச் சத்தத்தில் எழுந்தபோது பாய் முழுக்கப் பொடி உதிர்ந்திருந்தது. மரத்தூள் என்றுதான் முதலில் தட்டினாள். ஆனால் அதில் மர வாசனை இல்லை. விரலில் ஒட்டியது. இளஞ்சூடாக இருந்தது.

“என்ன வில்லு, கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருக்க?” டீயை நீட்டிய அண்ணியின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“ஆமால்ல, தோள் ரெண்டும் சமமா இருக்கு. நல்லதுதானே,” என்றான் அண்ணன்.

“எது நல்லது? அந்த மிஷின் என்னையே அளக்குதுணா. நிறுத்திடு.”

“நாப்பது வயசுல ஒருத்தன் உன்னப் பாக்குறான்னு சந்தோஷப்படுவியா,” என்று அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “மழை விட்டதும் மெக்கானிக்கை வரச் சொல்றேன். லென்ஸ்ல அழுக்கு, வேற ஒண்ணுமில்ல,” என்றான்.

அவள் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மில்லுக்கு விடுமுறை. வாசலில் காவல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் மேல் மழை கொட்டியது, ஓட்டை விழுந்த இடங்களில் சொட்டுச் சொட்டாக இறங்கி அடுக்கிய பலகைகளுக்குள் புகுந்தது, நனைந்த மரத்தூள் கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று அமுங்கியது, சூடான அறையின் கதவிடுக்கிலிருந்து பத்து நாள் பாரத்தின் கீழ் கிடக்கும் பலகைகள் முறுகி நிமிர்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் எதையும் விடவில்லை. ரம்ப சுவிட்ச். கண் சுவிட்ச். பிறகு மெயின் கைப்பிடியையே கீழே இழுத்துப் பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் குனிந்தாள்.

முதல் கண் ஒரே அடியில் நொறுங்கியது. இரண்டாவது. மூன்றாவதை அடிக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான்காவதில் கை ஓங்கியபோது, அது சிவப்பாக எரிந்தது.

அடித்தாள். கண்ணாடி உதிர்ந்தது. வெளிச்சம் அணையவில்லை.

காலடியில் உருளை சுழன்றது. மெதுவாக. அவளைப் பக்கவாட்டில் புரட்டியது. முதுகு மேலே. வளைவு மேலே.

ரம்பம் பாடத் தொடங்கியது. மின்சாரம் இல்லை. சாவி பையில். ஆனால் பாடியது.

இடது விலாவில் ஒரு குளிர். வலது இடுப்பில் ஒரு குளிர். வலி இல்லை. எதுவுமே இல்லை.

மழை மட்டும்.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடி அறையை நோக்கி நடந்தாள். நடை சுலபமாக இருந்தது. இரண்டு பாதமும் ஒரே மாதிரி தரையில் விழுந்தன. மூச்சு அடிவயிறுவரை போனது, எட்டு வயதுக்குப் பிறகு அப்படிப் போனதில்லை. கண்ணாடியில் தெரிந்தவளின் தோள்கள் சமமாக இருந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது பிடித்திருந்தது.

பின்னால் கழிவு பெல்ட் ஓடும் சத்தம்.

திரும்பினாள். இரண்டு பக்கத் துண்டுகள் வந்து நின்றன. வளைந்தவை. வெளிப்பக்கம் மரப்பட்டை இல்லை, தோல். சட்டைத் துணி சில இடங்களில் இன்னும் ஒட்டியிருந்தது. இடது துண்டின் மேல், வார் உரசிய அந்தப் பழைய தழும்பு.

வில்லுவுக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக எத்தனை பேர் இதைக் கேட்டார்கள், ஒருவருக்கும் கொடுக்கவில்லை, இதற்கா கொடுப்பாள்? துண்டுகளை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்றை விலாவில் வைத்தாள், ஒன்றை இடுப்பில். பலகைக் கட்டு போடுகிற பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, கிளிப்பை இறுக்கி, இன்னொரு சுற்று சுற்றினாள். பிறகு தன் பழைய வளைவுக்குள் உடம்பைச் சாய்த்தாள். சரியாகப் பொருந்தியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

திரை எரிந்துகொண்டிருந்தது. அறுக்கலாமா?

ரிஜெக்ட்.

அறுக்கலாமா?

ரிஜெக்ட்.

“வில்லு,” வாசல் பக்கமிருந்து குடையோடு அண்ணன் குரல். “லீவு நாள்ல மிஷின் எப்படி ஓடுது?”

“ஓடட்டும்ணா. நான் பாத்துக்கறேன். நீ உள்ள வராத.”

பட்டையின் இடுக்கிலிருந்து இளஞ்சூடான பொடி உதிர்ந்து மடியை நிறைத்து, நாற்காலியிலிருந்து வழிந்து, கணுக்கால்வரை மேடாகிவிட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. ரிஜெக்ட். திரை ஒரு நொடி இருண்டது. மறுபடி வந்தபோது அதில் உட்கார்ந்திருக்கும் உருவம், நீட்டிய கையோடு. மூன்றாவதாக ஒரு கோடு, வலது மணிக்கட்டின் குறுக்கே.

அறுக்கலாமா?

வில்லு இடது கையைத் தூக்கி ரிஜெக்ட் பட்டனின் மேல் வைத்தாள்.