தணிகாசலத்தின் வெளிச்சம்

இறந்துபோன கணவன் தணிகாசலத்தின் சட்டை வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் வேதவல்லி.

அம்பத்தூரில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். ஆள் போனால் உடம்பு மின்தகனத்துக்கு, உடுத்திய சட்டை ஒளியகத்துக்கு. அங்கே அதைக் கருக்கி, கண்ணுக்கே தெரியாத நுண்கரியாக்கி, ஒரு கண்ணாடி உருண்டையில் பூசி, சிமிழில் வைத்துத் தருவார்கள். சிமிழின் அடியிலிருந்து புறஊதாக் கதிர் பாயும். கரி அதைக் குடித்துவிட்டு வெளிச்சமாகக் கக்கும். 'ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்' என்பது ஒளியகத்தின் விளம்பரம். 'தொடாதீர்கள்' என்றும் மூடியில் எழுதியிருந்தது. விளக்கைக் கண்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நம்மவர்களால் இருக்க முடியுமா? சமையல் கையோடும், மகளுக்குத் தலைவாரிய எண்ணெய்க் கையோடும் வேதவல்லி தினமும் ஒற்றிக்கொண்டாள்.

அந்த மகள் இளநகை மறுநாள் நிலாக் குடியிருப்பிலிருந்து வருகிறாள். தவழும் வயதில் அப்பாவை இழந்தவள், இந்த வெளிச்சத்தில்தான் படித்தாள், இதனடியில்தான் தூங்கினாள். நிலாவுக்குப் போகும்போது இதில் ஒரு துளி சுரண்டி வாங்கிக்கொண்டு போனாள். அங்கிருந்து அழைத்தால் அம்மாவோடு இரண்டு வார்த்தை, அதற்குமேல் இல்லை. வேதவல்லிக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

மகளுக்குக் காட்டலாமென்று பழைய படங்களைத் தேடியபோதுதான் சிமிழ் வீட்டுக்கு வந்த அன்று எடுத்தது கிடைத்தது. அதில் வெளிச்சம் பளிச்சென்ற நீலம். அடுப்படியில் இருப்பதோ தேன் மஞ்சள். வெளிச்சம் கெட்டுப்போய்விட்டதோ என்று சிமிழைத் தூக்கிக்கொண்டு ஒளியகத்துக்கு ஓடினாள்.

"ஒண்ணும் கெட்டுப்போகலைம்மா" என்றாள் அங்கே வேலைபார்க்கும் பர்வீன். "கதிர் பட்டதும் கரியில இருக்கிற எலக்ட்ரான் எம்பி மேல போகும். திரும்பக் கீழ குதிக்கறப்போ வெளிச்சம் வரும். மொத்தமா குதிச்சா நீலம். மேல்பரப்புல ஏதாவது ஒட்டியிருந்தா அது படிக்கட்டு மாதிரி. பாதியில உக்காந்து, கொஞ்சம் சூடா விட்டுட்டு, அங்கேருந்து குதிச்சா மஞ்சள்."

"என்ன ஒட்டியிருக்கு?"

"உங்க கைதான். எண்ணெய், வேர்வை, வெங்காயம். இந்த மஞ்சள் உங்களோடது."

வேதவல்லிக்கு அவமானமாகிவிட்டது. "என் நிறம் யாருக்கு வேணும்? பொண்ணு அவங்கப்பாவைப் பாக்க வருது. கழுவிக் குடு."

"கழுவினா இந்த மஞ்சள் திரும்ப வராதும்மா. யோசிச்சுக்குங்க."

"கழுவுன்றேன்ல!"

கழுவியதும் நீலம் பளிச்சென்று வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. நிமிர்ந்தவள், கழுவிக் காயவைத்த மற்றச் சிமிழ்களைப் பார்த்தாள். அத்தனையும் அதே நீலம். ஆயுசு முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்காகத் தணிகாசலத்தோடு சண்டை போட்ட எதிர்வீட்டு ஆராவமுதனும், பெயர்ச்சீட்டோடு, அதே நீலமாக ஜொலித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒண்ணா இருக்கே?"

பர்வீன் குரலைத் தாழ்த்தினாள். "ஒரே உலை, ஒரே அளவு கரி. கழுவினா எல்லாரும் இந்த நீலம்தாம்மா. வீட்டுல வெச்சிருக்கவங்க கை பட்டுத்தான் ஆளுக்கொரு நிறம் வருது. வெளியில சொல்லக்கூடாதுன்னு இருக்காங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் வேதவல்லி தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வந்த இளநகை நேரே அடுப்படிக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றாள்.

"அப்பா எங்கம்மா?"

"இதுதாண்டி."

"இது யாரோ. என்ன பண்ணினே?"

"கழுவினேன். உங்கப்பாவை அசலாப் பாக்கணும்னு."

இளநகைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பையிலிருந்து தன் சின்னச் சிமிழை எடுத்துத் திறந்தாள். எழுதியிருந்தபடி அதைத் தொடவே தொடாத பிள்ளை அவள். கொண்டுபோன அன்று இருந்த தேன் மஞ்சள் கொஞ்சமும் மாறாமல் அடுப்படியில் பரவியது. தலைவாரிய சாயங்காலங்கள், தாளித்த வாசனை, பாடம் படித்தபடியே மடியில் சாய்ந்து தூங்கிய பிள்ளை, எல்லாம் வேதவல்லிக்கு ஒரு நிமிஷம் திரும்பி வந்தன.

"இதான் எங்கப்பா" என்றாள் இளநகை. "அங்க ஏக்கமா இருந்தா இதைத் திறந்து வெச்சுக்கிட்டு அவர்கிட்டதான் பேசுவேன். உன்கிட்ட பேசினா அழுதுருவேன்னு பயம்."

"அவர் என்ன சொல்வாரு?"

"என்ன சொல்வாரு! சாப்பிட்டியான்னு கேப்பாரு. தலைக்கு எண்ணெய் வெச்சியான்னு கேப்பாரு."

தணிகாசலம் உயிரோடிருந்தவரை யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. தட்டு வைக்கத் தாமதமானால் கத்துவார், அவ்வளவுதான். வேதவல்லி அதைச் சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தில் அந்த மஞ்சள் விழுந்திருப்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"கேப்பாரு, கேப்பாரு" என்றாள். பிறகு, எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாடி?" என்றாள்.